வண்ணப்பிரிகையின் தந்தை மிக்கேல் ட்ஸ்வெட்

இலையின் நிறம் பச்சை என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்த செய்தி. ஆனால் அந்தப் பச்சைக்குள் இரண்டு வகைப் பச்சையும் பல வகை மஞ்சளும் கலந்து கிடக்கின்றன என்பதைக் கண்ணால் காணும்படி பிரித்துக் காட்டியவர் ஒரு தாவரவியல் அறிஞர். அவர் பெயர் மிக்கேல் ட்ஸ்வெட். மருந்துத் தொழிற்சாலையிலும், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலும், உணவுக் கலப்படத்தைக் கண்டறியும் ஆய்வகத்திலும், தடய அறிவியல் துறையிலும் இன்று இன்றியமையாததாகிவிட்ட குரோமட்டோகிராஃபி என்னும் வண்ணப்பிரிகை முறையை உலகுக்கு அளித்தவர் அவரே. வடிதாளில் ஒரு சொட்டு மையை இட்டு, அது பல நிறங்களாகப் பிரிந்து ஏறுவதைக் கண்டு வியந்த மாணவர் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவரே.

ஆனால் அவர் வாழ்ந்த நாளில் அம்முறையை உலகம் போற்றவில்லை. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. ஒரு நல்ல முறை எப்படிக் கைநழுவிப் போகிறது, எதனால் மீண்டும் கைக்கு வருகிறது என்பதை அவர் வாழ்க்கை நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது. பழைய வண்ணப்பிரிகைக் கருவிகளைக் கழித்துவிடுவதா, கணிப்பொறியோடு இணைத்துப் பயன்படுத்துவதா என்ற வினா பல ஆய்வகங்களில் எழும் இக்காலத்தில், அந்தப் பாடம் நமக்குப் பெரிதும் வேண்டியதாகிறது.

பிறப்பும் கல்வியும்

மிக்கேல் ட்ஸ்வெட் 1872ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள் இத்தாலி நாட்டில் ஆஸ்டி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ரஷ்யர், அரசுப் பணியில் இருந்தவர். தாய் இத்தாலியப் பெண்மணி. பிள்ளை பிறந்த சில நாள்களிலேயே தாய் இறந்துபோனார். தாய்முகம் அறியாத அந்தக் குழந்தை சுவிட்சர்லாந்தில் வளர்ந்தது. பிறந்தது ஒரு நாடு, வளர்ந்தது ஒரு நாடு, தந்தைவழி உரிமையோ வேறொரு நாடு. இந்த மும்முனை வாழ்வு பின்னாளில் அவருக்குப் பல மொழியறிவைத் தந்தது. எந்த நாட்டிலும் வேரூன்ற முடியாத துன்பத்தையும் அதுவே தந்தது.

ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் அவர் கல்வி பயின்றார். இயற்பியலும் வேதியியலும் கற்றபோதும் அவர் உள்ளம் தாவரவியலில் படிந்தது. 1896ஆம் ஆண்டு தாவரச் செல்களைப் பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டின் இறுதியில் தந்தையின் நாடாகிய ரஷ்யாவுக்குச் சென்று, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் குடியேறினார்.

அங்கே ஒரு பேரிடி காத்திருந்தது. சுவிட்சர்லாந்துப் பட்டத்தை ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் ஏற்கவில்லை. முனைவர் பட்டம் பெற்ற அறிஞர் மீண்டும் மாணவராகித் தேர்வெழுத வேண்டியதாயிற்று. அவர் மனம் தளரவில்லை. பச்சையத் துகளின் அமைப்பைப் பற்றி ஆய்வு செய்து, 1901இல் கசான் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். வீணாகப் போனதாகப் பிறர் எண்ணக்கூடிய அந்த ஐந்தாண்டுக் காலந்தான் அவரைப் பச்சையத்தின் பக்கம் திருப்பிவிட்டது.

1902இல் வார்சாப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உதவியாளர் பணி கிடைத்தது. அந்நாளில் போலந்தின் அப்பகுதி ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்து, வைரசு பற்றிய அறிவுக்கு வழி திறந்த டிமிட்ரி இவானோவ்ஸ்கி அங்கே பேராசிரியராக இருந்தார். அவர் துறையில் சிறு பதவியில் அமர்ந்துகொண்டுதான் ட்ஸ்வெட் தம் பெரும் பணியைத் தொடங்கினார்.

இலையில் எழுந்த ஐயம்

எல்லாக் கண்டுபிடிப்பையும் போல இதுவும் ஓர் ஐயத்தில்தான் தொடங்கியது. பிரித்தெடுத்த பச்சையம் பெட்ரோலியம் ஈதரில் எளிதில் கரையும். ஆனால் பசுமையான இலையை அரைத்து அதே பெட்ரோலியம் ஈதரை ஊற்றினால் பச்சை நிறம் இறங்குவதில்லை. கரோட்டின் என்னும் ஆரஞ்சு நிறப்பொருள் மட்டுமே இறங்குகிறது. சிறிதளவு ஆல்கஹாலைச் சேர்த்துவிட்டாலோ எல்லா நிறங்களும் இறங்கிவிடுகின்றன. ஏன் இப்படி?

ஆல்கஹால் பச்சையத்தை வேதிமாற்றம் செய்து கரையும் பொருளாக ஆக்குகிறது என்று சிலர் கருதினர். ட்ஸ்வெட் வேறு விதமாகச் சிந்தித்தார். நிறப்பொருள் மாறவில்லை, இலையின் திசு அதைத் தன் பரப்பில் பிடித்து வைத்திருக்கிறது, ஆல்கஹால் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது, அவ்வளவே என்று கருதினார். இதைத்தான் நாம் பரப்புக் கவர்ச்சி என்கிறோம்.

கருத்தைச் சொல்லிவிட்டு அவர் அமர்ந்திருக்கவில்லை. அதை மெய்ப்பிக்க ஓர் எளிய சோதனை செய்தார். இலையின் நிறக்கரைசலில் வடிதாளை நனைத்து உலர்த்தினார். பிறகு அந்தத் தாளின்மேல் பெட்ரோலியம் ஈதரை ஊற்றினார். கரோட்டின் மட்டுமே இறங்கியது. ஆல்கஹால் கலந்து ஊற்றினார். எல்லாம் இறங்கின. இலை எப்படி நடந்துகொண்டதோ அப்படியே உயிரற்ற தாளும் நடந்துகொண்டது. உயிருக்கும் இதற்கும் தொடர்பில்லை, இது பரப்பின் வேலை என்பது தெளிவாயிற்று. எந்தக் கல்லூரியின் ஆய்வகத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. ஆனால் அந்த வினாவைக் கேட்கத் தோன்றியது அவருக்குத்தான்.

கண்ணாடிக் குழாயில் வண்ண வளையங்கள்

ஒரு பொருள் நிறங்களைப் பிடித்து வைக்கிறது. எல்லா நிறங்களையும் ஒரே அளவு வலிமையுடன் பிடிப்பதில்லை. அப்படியானால் இந்த வேறுபாட்டைக் கொண்டே நிறங்களைப் பிரித்துவிடலாம் அன்றோ? நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்து, எது எந்த நிறத்தை எவ்வளவு பிடிக்கிறது என்று அவர் சோதித்துப் பார்த்தார். 1903ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வார்சா இயற்கை அறிவியலாளர் கழகத்தில் இந்த ஆய்வுகளைப் பற்றி உரையாற்றினார். அந்த உரை ரஷ்ய மொழியில் வெளியானது. மேற்கு ஐரோப்பிய வேதியியலார் பெரும்பாலோர் அதை அறியவில்லை.

பிறகு அவர் முறையைச் செம்மைப்படுத்தினார். மெல்லிய கண்ணாடிக் குழாயில் நன்கு உலர்ந்த கால்சியம் கார்பனேட் தூளை இடைவெளியின்றி இறுக்கமாக நிரப்பினார். இலையின் நிறப்பொருள்களைக் கார்பன் டைசல்பைடில் கரைத்து, அக்கரைசலைக் குழாயின் மேற்புறத்தில் ஊற்றினார். அதன்பின் கலப்பற்ற கரைப்பானைத் தொடர்ந்து செலுத்தினார். ஒரே பச்சையாக மேலே தங்கியிருந்த நிறம் மெல்ல மெல்லக் கீழிறங்கி விரிந்தது. கரோட்டின் எங்கும் நில்லாமல் முதலில் வெளியேறியது. பின்தங்கிய நிறங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வளையங்களாயின. மஞ்சட்பச்சை வளையம் ஒன்று, நீலப்பச்சை வளையம் ஒன்று, மஞ்சள் வளையங்கள் பல. முப்பட்டைக் கண்ணாடியில் வெள்ளொளி ஏழு நிறமாகப் பிரிவது போலவே, தூள் நிரம்பிய குழாயில் கலவை தன் உறுப்புகளாகப் பிரிந்து நின்றது.

அந்த வளையங்களை அளப்பதற்கு அவரிடம் எந்த மின்கருவியும் இல்லை. குழாயிலிருந்து தூள் முழுவதையும் உருக்குலையாமல் வெளியே தள்ளி, கத்தியால் வளையம் வளையமாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஆல்கஹாலில் கரைத்து, நிறமாலை பார்த்து, இன்ன பொருள் என்று முடிவு செய்தார். கண், கத்தி, நிறமாலைமானி ஆகிய மூன்றுமே அவருடைய அளவைக் கருவிகள்.

1906ஆம் ஆண்டு ஜெர்மானியத் தாவரவியல் கழகத்தின் இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். குரோமட்டோகிராஃபி என்னும் பெயரை அங்கேதான் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கிரேக்க மொழியில் குரோமா என்றால் வண்ணம். கிராஃபோ என்றால் எழுதுதல். வண்ணத்தால் எழுதப்படுவது என்பது அதன் பொருள். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ரஷ்ய மொழியில் ட்ஸ்வெட் என்னும் சொல்லுக்கும் வண்ணம் என்றே பொருள். தம் பெயரையே முறைக்கும் சூட்டிக்கொண்டாரோ என்று பின்வந்தோர் புன்முறுவலோடு ஐயுறுவதுண்டு.

இன்னொன்றையும் அவர் அப்போதே உணர்ந்திருந்தார். இந்த முறை வண்ணப் பொருள்களுக்கு மட்டும் உரியதன்று. நிறமற்ற பொருள்களும் இதே விதிப்படி குழாயில் பிரிந்தே நிற்கும் என்பதை எழுதி வைத்தார். நிறமற்றவற்றைக் காணத்தான் அன்று கண்ணில்லை. அந்தக் கண்ணைத் தேடிய கதைதான் பின்வந்த நூறாண்டுக் கால வண்ணப்பிரிகையின் கதை எனலாம்.

எதிர்ப்பு

1907இல் பெர்லின் நகருக்குச் சென்று, ஜெர்மானியத் தாவரவியல் கழகத்தார் முன்னிலையில் தம் குழாய்களையும் நிறக்கரைசல்களையும் காட்டினார். அதே ஆண்டில் ஹெலனா ட்ருசேவிச் என்னும் அம்மையாரை மணந்தார். 1910இல் தாவர உலகிலும் விலங்குலகிலும் உள்ள நிறப்பொருள்களைப் பற்றி ரஷ்ய மொழியில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அதற்காக வார்சாப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. 1911இல் ரஷ்ய அறிவியல் கழகம் பரிசளித்தது.

ஆனால் வேதியியலார் வட்டாரத்தில் வரவேற்பு இல்லை. பச்சையத்தை ஆராய்ந்து வந்த போலந்து வேதியியலார் மார்ஷ்லெவ்ஸ்கி கடுமையாக எதிர்த்தார். வடிகட்டும் வேலையைப் பெரிய கண்டுபிடிப்பென்று கூறுவதா என்பது அவர் போன்றோரின் எண்ணம். ட்ஸ்வெட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, சூடான மறுப்புகளை எழுதினார். தாவரவியலார் ஒருவர் வேதியியலார்க்குப் பாடம் சொல்வதை அவர்களால் பொறுக்க இயலவில்லை போலும்.

அக்காலத்தில் நிறப்பொருள் வேதியியலின் முடிசூடா மன்னராக விளங்கியவர் ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்டு வில்ஸ்டேட்டர். ட்ஸ்வெட்டின் நூலை அவர் தமக்கென ஜெர்மன் மொழியில் பெயர்க்கச் செய்து படித்தார். அவருடைய ஆய்வகத்தில் இம்முறையைச் செய்து பார்த்தபோது பச்சையம் சிதைந்து மாறிவிடுவதாகத் தோன்றியது. பெருமளவில் தூய பொருளைப் பெற இது உதவாது என்று அவர் கருதினார். ட்ஸ்வெட்டோ, எத்தகைய தூளைப் பயன்படுத்த வேண்டும், இலையில் உள்ள அமிலம் பச்சையத்தைக் கெடுக்காதிருக்க அரைக்கும்போதே கால்சியம் கார்பனேட்டையோ மக்னீசியாவையோ சேர்க்க வேண்டும் என்றெல்லாம் விளக்கமாகவே எழுதியிருந்தார். மேலும் அவர் முறை மில்லிகிராம் அளவில் நுட்பமாகப் பிரிப்பதற்கு ஏற்றது; வில்ஸ்டேட்டர் வேண்டியதோ பெருமளவுப் பொருள். இருவர் நோக்கமும் வேறு. ஆனால் பெரியவர் ஒருவர் உதவாது என்று கூறிவிட்டால், மற்றவர்கள் அதை மீண்டும் சோதித்துப் பார்ப்பது அரிதாகிவிடுகிறது.

இதில் ஒரு முரண்பாட்டையும் காண்கிறோம். இலையில் இரண்டு பச்சையங்கள் உண்டு என்பதை 1864இல் ஆங்கில அறிஞர் ஸ்டோக்ஸ் கூறியிருந்தார். ட்ஸ்வெட் அவற்றைக் குழாயில் இரு வளையங்களாகவே காட்டினார். பின்னர் வில்ஸ்டேட்டரும் வேறு வழியில் முயன்று அதே முடிவுக்கு வந்தார். ஏ என்றும் பி என்றும் இன்று நாம் படிப்பவை அவையே. தாவர நிறப்பொருள் ஆய்வுக்காக 1915இல் வில்ஸ்டேட்டருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பரிசுக்கு அவர் முற்றிலும் தகுதியானவரே. ஆனால் அதே உண்மையை முன்னதாகவே குழாயில் கண்ட ட்ஸ்வெட் அந்த 1915ஆம் ஆண்டில் வீடிழந்து அலைந்துகொண்டிருந்தார்.

போரும் மறைவும்

ட்ஸ்வெட் 1908 முதல் வார்சாப் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்தி வந்தார். முதல் உலகப்போர் மூண்டது. 1915 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை வார்சாவைக் கைப்பற்றியது. கல்லூரி முதலில் மாஸ்கோவுக்கும், 1916இல் நிஷ்னி நோவ்கோரோடு நகருக்கும் மாற்றப்பட்டது. கல்லூரியை இடம் மாற்றி அமைக்கும் வேலையிலேயே அவர் காலமும் உடல்நலமும் கரைந்தன. ஆய்வு நின்றுபோயிற்று.

1917இல், தம் 45ஆம் வயதில்தான், ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்த்தது. எஸ்டோனியாவில் யூரியெவ் என்று அந்நாளில் வழங்கிய டார்ட்டு நகரில் தாவரவியல் பேராசிரியரானார். அங்கும் விதி விடவில்லை. 1918இல் அந்நகரும் ஜெர்மானியர் வசமாயிற்று. ரஷ்யப் பேராசிரியர்கள் வொரோனெஷ் நகருக்குப் பெயர்ந்தனர். அதே 1918ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டுத் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் அவர் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். பரிசு கிடைக்கவில்லை. நெடுநாளாக நோயுற்றிருந்த ட்ஸ்வெட் 1919ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் வொரோனெஷில் காலமானார். அப்போது அவருக்கு வயது 47. மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் மனைவியும் மறைந்தார்.

மறுபிறப்பு

முறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. அமெரிக்காவில் லீராய் பாமர் என்பவர் பாலிலும் வெண்ணெயிலும் உள்ள மஞ்சள் நிறப்பொருள்களை இம்முறையால் ஆராய்ந்து, 1922இல் ஒரு நூல் எழுதினார். சுவிட்சர்லாந்தில் சார்லஸ் தேரே என்பவரும் அதைக் கையாண்டார். இவர்கள் ஏற்றிய சிறு விளக்குகள் அணையாமல் இருந்தன.

1930ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ரிச்சர்டு கூன் என்பவரின் ஆய்வகத்தில் எட்கர் லெடரர் என்னும் இளைஞர் சேர்ந்தார். மஞ்சள் நிறப்பொருள்களைப் பிரிக்க வழி தேடிய அவர் கையில் பாமரின் நூல் அகப்பட்டது. அதன்வழி ட்ஸ்வெட்டின் பெயர் தெரிந்தது. கூன் யார்? வில்ஸ்டேட்டரின் மாணவர். முன்னர் வில்ஸ்டேட்டர் தமக்கெனச் செய்வித்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு அவரிடந்தான் இருந்தது! உதவாது என்று ஒதுக்கியவர் எறிந்துவிடாமல் பாதுகாத்த தாள்களே, ஒதுக்கப்பட்ட முறைக்கு உயிர் கொடுத்தன. லெடரர் கால்சியம் கார்பனேட் நிரப்பிய குழாயில், கார்பன் டைசல்பைடைக் கொண்டு, முட்டை மஞ்சட்கருவின் நிறப்பொருளை இரண்டாகப் பிரித்தார். அதே தூள், அதே கரைப்பான், ட்ஸ்வெட் எழுதிய அதே முறை. 1931இல் இது வெளியானவுடன் உலகெங்கும் உள்ள ஆய்வகங்கள் இம்முறையை மேற்கொண்டன.

1941இல் இங்கிலாந்தில் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்டு சிஞ்சும் கம்பளி நூலின் புரதத்தை ஆராய்கையில், இரண்டு நீர்மங்களுக்கிடையே பொருள்கள் பங்கிடப்படும் தன்மையைக் கொண்டு புதுவகை வண்ணப்பிரிகையைப் படைத்தனர். 1952இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ட்ஸ்வெட் இட்ட விதை மரமாகிக் கனி தந்தது.

கண்ணிலிருந்து கணிப்பொறி வரை

நிறமற்ற பொருளைக் காணும் கண் எது என்ற வினாவுக்கும் விடை கிடைத்தது. 1952இல் மார்ட்டினும் ஜேம்ஸும் வாயு வண்ணப்பிரிகையை வெளியிட்டனர். குழாயிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்களைத் தானே இயங்கும் ஒரு பியூரெட் காரத்தால் நடுநிலையாக்கிற்று. காட்டியின் நிறமாற்றத்தை ஒளிமின்கலம் பார்த்தது. பேனா தாளில் படிபடியாக வரைந்தது. பின்னர் வெப்பக் கடத்துதிறன், ஹைட்ரஜன் சுடரில் தோன்றும் அயனிகள், புறஊதா ஒளி உறிஞ்சல் எனப் பலவகை உணர்கருவிகள் வந்தன. எல்லாவற்றின் முடிவும் ஒன்றே. பொருள் வெளிவரும்போது ஒரு சிறு மின்னழுத்தம் உயர்ந்து தாழ்கிறது. அதைத் தாளில் பேனா சிகரங்களாக வரைகிறது. சிகரம் தோன்றும் நேரம் இன்ன பொருள் என்பதற்குத் துப்பு. சிகரத்தின் பரப்பு இவ்வளவு பொருள் என்பதற்கு அளவு.

அந்தப் பரப்பை அளக்க முன்னோர் பட்ட பாடு கொஞ்சமன்று. உயரத்தைப் பாதி உயரத்தில் உள்ள அகலத்தால் பெருக்கினர். சிலர் சிகரத்தைக் கத்தரியால் வெட்டியெடுத்து வேதித் தராசில் நிறுத்தனர். ட்ஸ்வெட் தூளை வெட்டினார். இவர்கள் தாளை வெட்டினர். கணிப்பொறி வந்த பின்னர் வெட்டுதலே இல்லாமற் போயிற்று.

பழைய கருவியைக் கணிப்பொறியோடு இணைப்பது எவ்வாறு என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம். பழைய கருவிகளில் பேனா ரெக்கார்டருக்கென்று ஒரு மின்வாய் இருக்கும். அங்கே சில மில்லிவோல்ட் மட்டுமே கிடைக்கும். பல கருவிகளில் இன்டெகிரேட்டருக்கென ஒரு வோல்ட் வரை தரும் வேறொரு மின்வாயும் உண்டு. இரண்டாவதே இணைப்புக்கு ஏற்றது. இந்த மின்னழுத்தம் தொடர்ந்து மாறுவது. கணிப்பொறி அறிந்ததோ எண்கள் மட்டுமே. எனவே இடையில் ஓர் எண்மாற்றி வேண்டும். 12 பிட் எண்மாற்றி ஒரு வோல்ட்டை 4096 படிகளாகப் பகுக்கும். ஒரு படி ஏறத்தாழ 0.24 மில்லிவோல்ட். சிறு சிகரங்களைக் காண இது போதாது. 24 பிட் எண்மாற்றியோ ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகளைத் தர வல்லது. நடைமுறையில் மின்னிரைச்சல் கடைசிப் படிகளை மறைத்தாலும், மிஞ்சுவதே தாராளம்.

ஒரு சிகரத்தை உண்மையாக வரைய இருபது அளவீடுகளேனும் வேண்டும். பத்து வினாடி அகலமுள்ள சிகரத்துக்கு வினாடிக்கு இரண்டு அளவீடு போதும். இரண்டு வினாடிச் சிகரத்துக்குப் பத்து வேண்டும். நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி உடையது. ஆகவே ஒவ்வொரு அளவீட்டையும் 20 மில்லிவினாடி அல்லது அதன் மடங்குகளுக்குச் சராசரி எடுத்தால் மின்கம்பி இரைச்சல் பெரும்பாலும் நீங்கும். மாதிரியைச் செலுத்திய கணத்தைக் கணிப்பொறிக்கு அறிவிக்க ஒரு சிறு சுவிட்சு வேண்டும். அது இல்லையேல் சிகரத்தின் நேரம் பிழைபடும். எண்களாகவே செய்தி அனுப்பும் சற்றுப் பிற்காலக் கருவிகளில் ஆர்.எஸ்.232 என்னும் தொடர்முனை இருக்கும். இன்றைய கணிப்பொறிகளில் அம்முனை பெரும்பாலும் இல்லாவிட்டாலும், யூ.எஸ்.பி. மாற்றி கொண்டு இணைத்துவிடலாம்.

இணைத்த உடனே கணிப்பொறி சொல்வதை வேதவாக்காகக் கொள்ளலாகாது. எண்மாற்றியின் எல்லையைத் தாண்டிய சிகரம் தலை வெட்டுண்டு தட்டையாகிவிடும். கணிப்பொறி அதற்கும் ஒரு பரப்பைக் கூறும். அடிக்கோடு சாய்ந்திருந்தால் எங்கிருந்து எதுவரை சிகரம் என்பதை மென்பொருள் தவறாக எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சில நாள்கள் பேனாவும் கணிப்பொறியும் அருகருகே ஓட வேண்டும். அளவு தெரிந்த கலவையைச் செலுத்தி, இரண்டு விடைகளும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்த பின்னரே பேனாவை எடுத்துவிடலாம்.

நாம் கற்க வேண்டியது

ஒரு செய்தியை நாம் மறக்கலாகாது. பிரித்தல் என்னும் பணி நடப்பது குழாயில், கணிப்பொறியில் அன்று. குழாய் சரியாக நிரப்பப்படாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கணிப்பொறியும் இரண்டு சிகரங்களைப் பிரித்துத் தராது. குழாயும் உணர்கருவியும் செம்மையாக இருக்க, பேனா ஓட்டும் பகுதி பழுதாயிற்று என்பதற்காகவோ, வரைதாள் கிடைக்கவில்லை என்பதற்காகவோ ஒரு கருவியை மூலையில் ஒதுக்குவது, கை எழுத மறுத்ததற்காக நல்ல மூளையைக் குறை கூறுவதற்கு ஒப்பாகும். குறைந்த செலவில் ஓர் எண்மாற்றியைப் பொருத்தினால் அது இன்னும் பல ஆண்டுகள் மாணவர்க்குப் பயன்படும். அத்தோடு, கணிப்பொறியில் மூல எண்களையே சேமித்து வைப்பதால், நாளை ஐயம் எழும்போது வேறொருவர் அதே எண்களை எடுத்து மீண்டும் கணக்கிட முடியும்.

இங்கேதான் ட்ஸ்வெட்டின் வாழ்க்கை நமக்கு ஒளி காட்டுகிறது. அவர் முறை கைவிடப்பட்டதற்குக் காரணம் அதன் குறையன்று. அவர் கூறிய நிபந்தனைகளை முழுவதும் பின்பற்றாமல் செய்து பார்த்து உதவாது என்று கூறியவர் பெரியவர். அக்கூற்றைத் தாமே சோதியாமல் ஏற்றுக்கொண்டவர் பலர். முறை மீண்டும் எழுந்ததற்குக் காரணமும் எளியதே. எந்தத் தூள், எந்தக் கரைப்பான், எப்படி நிரப்புவது என்று அவர் ஒன்றுவிடாமல் எழுதி வைத்தார். அந்த எழுத்து எங்கோ ஓரிடத்தில் அழியாமல் கிடந்தது. முன்முடிவு இல்லாத ஓர் இளைஞர் அதைப் படித்து, எழுதியபடியே செய்து பார்த்தார்.

மாணவத் தோழர்களே, செய்முறைக் குறிப்பேட்டை மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. வந்த விடையை எழுதாமல், வரவேண்டிய விடையை எழுதுவாரும் உண்டு. ட்ஸ்வெட்டின் ஆய்வுக்குறிப்பு அப்படிப்பட்டதாக இருந்திருந்தால், 1930இல் அதைப் படித்தவர் குழாயில் வளையங்கள் தோன்றியிரா. பதவி தாமதமாக வந்தது, பரிசு வரவேயில்லை, நாடும் வீடும் மாறி மாறிப் போயின. ஆனால் கண்டதைக் கண்டபடி எழுதிய கை மட்டும் அவரைக் கைவிடவில்லை. பேனாவால் எழுதினாலும் சரி, கணிப்பொறியில் சேமித்தாலும் சரி, அந்த நேர்மையோடு நம் அளவீடுகளைப் பதிவு செய்வோமாயின், அதுவே அப்பெருமகனார்க்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.